தாளும் ஓர் அமானிதம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக இறங்கிய இறைச்செய்தி ஓதுதலைப் பணித்தது; எழுதுகோலைக் கொண்டு இறைவன் மனிதனுக்குக் கல்வி புகட்டிய பேற்றை நினைவூட்டியது. அந்த அருள்மறையின் மிக நீண்ட வசனம் எதனைப் பற்றியது என்று மாணவர்களிடம் நான் வினவுவதுண்டு. சுவனத்தைப் பற்றியது என்பர் சிலர். மறுமையைப் பற்றியது என்பர் வேறு சிலர். இரண்டும் அல்ல. தவணைக் கடனைச் சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்ளும் முறையைக் கூறுவதே அவ்வசனம். எழுத்து என்பது வெறும் அழகுப்பொருள் அன்று, அது சாட்சி. சாட்சியைக் காப்பது கடமை. இந்த அடிப்படையை மனத்திற்கொண்டே இக்கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைக்க விழைகிறேன்.

இன்று நூல்கள் அனைத்தும் மின்வடிவம் பெற்று வருகின்றன. உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசி ஓராயிரம் நூல்களைச் சுமக்கிறது. இது மாபெரும் அருட்கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வருட்கொடையின் நிழலில் ஒரு சொல் நம் இல்லங்களிலும் நூலகங்களிலும் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். "படம் எடுத்தாயிற்று, இனி இந்தப் பழைய தாள் எதற்கு?" என்பதே அது. இக்கேள்விக்கு நாம் அவசரத்தில் அளிக்கும் விடை, திரும்பப் பெறவியலாத இழப்பில் முடியக்கூடும். அதனை நான் பட்டறிந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஒரு வெற்றுத்தாளின் கதை

என் உம்மும்மாவிடம் அரபுத்தமிழில் கல்லச்சில் அடித்த பழைய முனாஜாத்துத் தொகுப்பு ஒன்று இருந்தது. அட்டை தேய்ந்து, ஓரங்கள் கறுத்து, துணிப்பையில் பொதிந்து பெட்டகத்தின் மேல்தட்டில் இருக்கும். வெள்ளி இரவுகளில் அதனை எடுத்து ஓதுவார். ஓதி முடித்தபின் சில நாள்களில் கடைசித் தாளைத் திருப்பி, விரல் வைத்து வரிவரியாகக் காட்டுவார். அச்சிடப்படாத அத்தாளில் எங்கள் குடும்பத்தின் பிறப்பும் இறப்பும் நான்கு தலைமுறையினரின் கையெழுத்தில் குறிக்கப்பட்டிருந்தன. மூன்று வயதில் மறைந்த அவருடைய மூத்த மகளின் பெயரும் பிறந்த நாளும் அங்கே இருந்தன. அவ்வரிக்கு வரும்போது அவர் விரல் சற்று நிற்கும்.

பின்னாளில் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்ட முற்பட்டபோது, என் தமக்கையின் மகன் அந்நூலின் பக்கங்களையெல்லாம் கைப்பேசியில் பொறுமையுடன் படம் எடுத்தான். பின்னர், அரபெழுத்துள்ள தாள்கள் காலடியில் படலாகாது என்னும் பேணுதலால், சிதைந்த திருமறைத் தாள்களோடு அதனையும் வெள்ளைத் துணியில் கட்டிக் கடலில் சேர்த்தான். ஓராண்டு கழித்து அப்படங்களை நான் வாங்கிப் பார்த்தேன். முனாஜாத்துகள் அனைத்தும் தெளிவாக இருந்தன. கடைசித் தாள் மட்டும் இல்லை. "அது வெற்றுத்தாள் என்று எண்ணி விட்டுவிட்டேன் மாமா" என்றான்.

அவனை நான் குறை கூறவில்லை. அன்று அவ்வீட்டில் நானும் இருந்தேன். என் கண்ணும் அத்தாளை நினைக்கவில்லை. அக்குழந்தையின் பெயரைக் கூறவல்லார் இன்று எங்கள் குடும்பத்தில் எவரும் இலர்.

படம் என்பது எடுப்பவர் எதனை முக்கியம் என்று கருதினாரோ அதனையே காட்டும். நூலோ, நாம் முக்கியம் என்று கருதாததையும் சேர்த்தே காத்து வைத்திருக்கும். ஓரக் குறிப்பு, உடையவர் கையொப்பம், அன்பளிப்பு வாசகம், பக்கங்களுக்கிடையே மறந்து வைத்த மடல், தாளின் தரம், கட்டிய நூலின் முறை ஆகிய அனைத்தும் வரலாற்றுச் சான்றுகள். நாளைய ஆய்வாளன் எதனைத் தேடுவான் என்பதை இன்று நாம் அறியோம். மூலத்தை வைத்திருப்பது ஒன்றே அவனுக்கு நாம் செய்யும் நீதி.

இலக்கியம் பிழைத்த வரலாறு

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் வரலாறே இதற்குத் தக்க சான்று பகரும். இத்துறையின் மிகப் பழைய நூலாக அறிஞர் பலரும் குறிப்பது பல்சந்தமாலை. அந்நூல் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. களவியற்காரிகையின் பழைய உரையில் மேற்கோளாக ஆளப்பெற்ற எட்டுச் செய்யுள்களே எஞ்சின. உரையாசிரியர் ஒருவர் எடுத்துக்காட்டு வேண்டித் தம் ஏட்டில் எழுதி வைத்திராவிடின் அந்நூலின் பெயரைக்கூட நாம் அறிந்திருக்க மாட்டோம். முழுமையாகக் கிடைக்கும் நூல்களில் பழமையானது, வண்ணப்பரிமளப் புலவர் இயற்றி 1572இல் மதுரையில் அரங்கேறிய ஆயிரமசலா. இரண்டுக்கும் இடையில் எத்தனை நூல்கள் தோன்றி மறைந்தனவோ, இறைவனே அறிவான்.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆகிய பெருங்காப்பியம். அது நெடுங்காலம் ஓலையிலேயே வாழ்ந்தது. இந்தியர்கள் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை 1835இல் நீங்கியது. அதன்பின் ஏழே ஆண்டுகளில், 1842இல், சேகனாப் புலவர் எனப் புகழ்பெற்ற செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதனை ஓலையிலிருந்து அச்சேற்றினார். உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த ஆண்டு 1887 என்பதை எண்ணிப் பார்த்தால், அப்புலவர் பெருமகனாரின் முன்னோக்கு விளங்கும். புதிய கருவி வந்தவுடன் அதனை நன்முறையில் பயன்கொண்ட சமுதாயம் நம்முடையது. எனவே கருவியைக் கண்டு அஞ்சுவது நம் மரபன்று.

ஆனால் மற்றொரு பாடமும் உண்டு. உ.வே.சா. சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாகக் கோயிலார் கூறக் கேட்டு மனம் உடைந்தார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றியும் பேசப்படுகிறது. இவற்றைச் செய்தோர் பகைவர் அல்லர், பத்தி மிகுந்தோர். ஏட்டின் மீது மதிப்பு இல்லாமையால் அன்று, மதிப்பின் முறை தவறியதால் நேர்ந்த இழப்பு அது. என் தமக்கை மகன் செய்ததும் அதுவே.

நம் ஊர்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். அரபுத்தமிழ் என்பது அரபு எழுத்துகளோடு, அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குரிய குறியீடுகளைச் சேர்த்து அமைத்த வரிவடிவம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற மேதைகள் அதில் மார்க்கச் சட்டம் முதலிய பல துறைகளில் எழுதினர். அவ்வெழுத்தைப் படிக்க அறிந்தோர் அருகி வருகின்றனர். படிக்கத் தெரியாத கண்ணுக்கு அரபெழுத்தெல்லாம் திருமறையாகவே தோன்றும். திருமறையின் சிதைந்த தாள்களைக் கண்ணியமாக அடக்கம் செய்வதோ நீரில் சேர்ப்பதோ வழக்கம். அவ்வழக்கத்தின் வழியே மருத்துவக் குறிப்பும், கப்பல் வணிகரின் கடிதமும், கணக்கேடும், தாலாட்டும் கடலுக்குள் சென்றுவிடக் கூடாது. எது மறைத்தாள், எது வரலாற்றுத்தாள் என்று பிரித்தறிய வல்லவரிடம் காட்டிய பின்னரே எதனையும் செய்தல் வேண்டும்.

மின்வடிவத்தின் ஆயுள்

இனி மின்வடிவத்தின் நிலையினைப் பார்ப்போம். தொண்ணூறுகளில் மலர் ஒன்றின் பதிப்புக் குழுவில் பணியாற்றினேன். கணிப்பொறியில் அச்சுக் கோத்த முதல் மலர் அது என்பதில் எங்களுக்குப் பெருமிதம் மிகுதி. கட்டுரைகளை நெகிழ்வட்டுகளில் பதிந்து அலமாரியில் பூட்டி வைத்தோம். இன்று அந்நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியைத் தேடித்தான் காண வேண்டும். கண்டாலும் பயன் உறுதியில்லை. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு அவற்றை ஒழுங்குபடுத்த முயன்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருவும் அதனை மாற்றும் வழியும் கையில் இல்லாதார்க்கு அக்காலக் கோப்புகள் பொருளற்ற குறிகளாகவே காட்சி தரும். அதே மலரின் அச்சுப்படியோ, மஞ்சளேறிய தாளாயினும், அலமாரியிலிருந்து எடுத்த மாத்திரத்தில் படிக்க வருகிறது. அதற்குக் கருவி வேண்டா, மின்சாரம் வேண்டா, கடவுச்சொல்லும் வேண்டா.

இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே நிலக் கணக்கேடு இன்றும் படிக்கும் நிலையில் உள்ளது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை ஒட்டி 1986இல் பிபிசி நிறுவனம் உருவாக்கிய புதிய தொகுப்பு ஒளித்தகடுகளில் பதியப்பட்டது. பதினாறே ஆண்டுகளில் அத்தகடுகளைப் படிக்கும் கருவிகள் அரியனவாகி, அதனை மீட்பதற்கு அறிஞர்கள் தனி முயற்சி மேற்கொள்ள நேர்ந்தது. தொள்ளாயிரம் ஆண்டு வாழ்ந்த தோலேட்டுக்கும் இருபது ஆண்டுகூடத் தாங்காத ஒளித்தகட்டுக்கும் உள்ள வேறுபாடு சிந்திக்கற்பாலது.

உடைமை என்னும் கேள்வியும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய மின்னூல் உண்மையில் நம்முடையதா? அமேசான் நிறுவனம் 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கியது. பின்னர் வருத்தமும் தெரிவித்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியோர் நூல்களும் மறைந்தன. பணம் திரும்ப வந்தது, நூல் திரும்பவில்லை. தாளில் அச்சான நூலை நாம் நண்பருக்கு இரவல் தரலாம். மகளுக்குச் சீராக வழங்கலாம். பள்ளிவாசல் நூலகத்துக்கு வக்ஃபு செய்யலாம். பயன்படுத்தும் அனுமதி மட்டுமே பெற்ற ஒன்றை எவ்வாறு வக்ஃபு செய்வது? உடைமையல்லாத பொருளை அறம் செய்ய இயலாது என்பதை நம் பெரியோர் நன்கறிவர்.

2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் கணினித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதன் இணையப் பட்டியல் பல வாரங்கள் பயன்பாட்டுக்குக் கிட்டவில்லை. பிற மின்சேவைகள் மீள மேலும் நாளாயிற்று. ஆனால் அலமாரியில் இருந்த நூல்களை அத்தாக்குதல் தீண்டவில்லை. உலகின் பெருநூலகங்களில் ஒன்றிற்கே இந்நிலை எனில் நம் சிறு நூலகங்களின் நிலை என்னாகும்?

மறுதரப்பும் கேட்போம்

"தாள் மட்டும் நிலையானதா?" என்று மாணவர் வினவலாம். நியாயமான கேள்வியே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றின் நகல் வேறிடத்தில் இருந்திருக்குமாயின் இழப்பு அத்துணைப் பெரிதாயிராது. அவ்வலியை அறிந்த ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஆயிரக்கணக்கான வெளியீடுகளை உலகெங்கும் உள்ளோர்க்குக் கிட்டச் செய்துள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை விலையின்றி வழங்கி வருகிறது. கரையான், வெள்ளம், தீ, அமிலம் மிகுந்த மலிவுத்தாள் என அச்சு நூலுக்கும் பகைகள் பல.

ஒலிநாடாக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களின் (1925–2015) பாடல்கள் பலரிடமும் பல வடிவிலும் உள்ளமையால் பிழைக்கும். ஆனால் நம் ஊர் மீலாது மேடைகளில் உள்ளூர்ப் புலவர்கள் பாடியவையும், ஆலிம் பெருமக்கள் ஆற்றிய உரைகளும் யாரோ ஒருவர் வீட்டு ஒற்றை நாடாவில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றுக்கு மின்வடிவமே மருந்து. அதுவும் உடனே தேவை.

ஆகவே தாளா, மின்வடிவமா என்று கேட்பதே பிழை. நம் சமுதாயம் இக்கேள்விக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 632இல் மறைந்தபின் நிகழ்ந்த யமாமாப் போரில் திருமறையை மனனம் செய்த ஹாபிழ்கள் பலர் ஷஹீதாயினர். நெஞ்சங்களில் மட்டும் மறையை நம்பியிருத்தல் தகாது என்று உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்தார்கள். தோலிலும் ஓலைமட்டையிலும் எழுதப்பட்டிருந்தவையும் நெஞ்சில் இருந்தவையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றன. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் படிகள் எழுதச் செய்து பல நகரங்களுக்கு அனுப்பினார்கள்.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. ஏடு வந்துவிட்டதே என்று மனனத்தை எவரும் கைவிடவில்லை. அச்சு வந்தது, ஒலிநாடா வந்தது, கைப்பேசி வந்தது. ஆயினும் இன்றும் நம் மதரஸாக்களில் சிறுவர்கள் வைகறையில் எழுந்து மனனம் செய்கின்றனர். புதிய காவலர் வந்தமைக்காகப் பழைய காவலரை வீட்டுக்கு அனுப்பாத மரபு இது. திருமறைக்கு நாம் கைக்கொண்ட இந்த நன்னெறியை, அதனினும் மிகச் சிறியவாகிய நம் இலக்கியச் செல்வங்களுக்கும் ஏன் கைக்கொள்ளலாகாது? படம் எடுப்போம்; மூலத்தையும் காப்போம். படம் பரவுவதற்கு, மூலம் சாட்சி சொல்வதற்கு.

நாம் செய்யத்தக்கவை

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெரும் பட்டங்கள் பெற்றவர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய நூல்களையும் இதழ்களையும், பிறர் குப்பை என ஒதுக்கிய அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. தனி மனிதர் ஒருவரால் இது இயன்றதெனில், கல்லூரியும் ஜமாஅத்தும் ஒன்றுகூடின் இயலாதது என்ன?

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பெட்டகத்தையும் பரணையும் பெரியவர்களின் இசைவோடு திறந்து பாருங்கள். நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு, தாளின் நிலை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். நூலைக் கொண்டுவர வேண்டா, பட்டியல் போதும். படம் எடுப்பதாயின் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுத்தாள் உட்பட எடுங்கள். என் வீட்டில் நேர்ந்தது உங்கள் வீட்டில் நேர வேண்டா.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அரபுத்தமிழைப் படிக்க வல்லவர்களாய் இன்று எஞ்சியிருப்போர் நீங்களே. கல்லூரிக்கு வந்து வாரம் ஒரு மணி நேரம் எம் மாணவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். நூல் இருந்தும் படிப்பார் இல்லையெனில் அதுவும் அழிவே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் நிருவாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். நூலகத்தில் இடமில்லை என்று பழைய நூல்களைக் கழிப்பதற்கு முன், அந்நூலின் மற்றொரு படி வேறெங்கேனும் உள்ளதா என்று ஒருமுறை தேடுவோம். ஈரம் புகாத சிறு அறை ஒன்றை வீட்டு நூல்களுக்கென ஒதுக்குவோம். உரிமை உடையவரிடமே இருக்க, காக்கும் பொறுப்பைக் கல்லூரி ஏற்கலாம். நாம் வெளியிடும் மலர்களையும் நல்ல தாளில் அச்சிட்டு, கன்னிமாரா பொது நூலகம் போன்ற இடங்களுக்குத் தவறாது அனுப்புவோம். இம்மலரும் நாளை ஒருவனுக்குச் சான்றாகலாம்.

ஒருவர் நம்பிக்கையோடு ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதன் விலையைப் பார்த்து நாம் காப்பதில்லை. ஒப்படைத்தவரின் நம்பிக்கையைப் பார்த்தே காக்கிறோம். நம் முன்னோர் கடல் கடந்து பொருளீட்டிய நாளிலும், எண்ணெய் விளக்கின் ஒளியில் அமர்ந்து எழுதி நம்மிடம் விட்டுச்சென்ற தாள்கள் அத்தகையவை. உரியவரிடம் அவற்றைச் சேர்க்கும்வரை நாம் பொறுப்பாளிகள். உரியவர் நம் பின்வரும் தலைமுறையினர். அப்பொறுப்பினின்று வழுவாதிருக்க வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.